முப்பது அடிக்கு அப்பால்

என் புருஷனோடு நான் பேசியதெல்லாம் ஊருக்கே தெரியும். அந்தரங்கம் என்று எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முப்பது அடி தள்ளி நின்றுகொண்டு, மலைக்காற்று காதை அடைக்கும்போது, குசுகுசுவென்றா பேச முடியும்? கத்தத்தான் வேண்டும். கீழே கோயில் கட்டுகிற கொத்தனார்கள் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

"என்னய்யா, இருக்கியா?"

"இருக்கேன் புள்ள. எங்க போகப் போறேன்?"

"ராத்திரி குளிருச்சா?"

"குளிராம? நீ வந்து போர்த்தி விட்டியா?"

கீழே எவனாவது சிரிப்பான். நான் அவன் பக்கம் திரும்பி அவன் ஆத்தாளை நலம் விசாரிப்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

என் புருஷன் விந்தாத் இருந்த அடைப்பு ஊருக்கு மேலே ஒரு பொட்டலில் இருந்தது. இருப்பதிலேயே வறண்ட மண்ணாகப் பார்த்துத்தான் அதைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். புல் இல்லை, ஊற்று இல்லை, ஆடுகூட அந்தப் பக்கம் ஏறாது. இடுப்பளவு கல்சுவர், ஒரு மூலையில் கூரை. நெருப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் நல்ல மனிதர்களிடமிருந்தும் அவர் முப்பது அடி தள்ளி இருக்க வேண்டும். என்னையும் நல்ல மனிதர்கள் கணக்கில் சேர்த்தது அந்த ஒரு சட்டம்தான்.

நடுவில் ஒரு தட்டைக் கல். அதில் ரொட்டியை வைத்துவிட்டு நான் பின்வாங்கிய பிறகு அவர் வந்து எடுத்துக்கொள்வார். மட்டமான ரொட்டியும் கிழிந்த துணியும்தான் கொடுக்கலாம். நான் வாற்கோதுமை ரொட்டியின் வயிற்றுக்குள் நாலு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பேன். அவர் அதை மென்றுகொண்டே எதுவும் கண்டுபிடிக்காதவர் போல வானத்தைப் பார்ப்பார்.

அவர் செய்த குற்றம், செத்த உடம்பு ஒன்றைத் தனியாளாகத் தூக்கியது. அந்த உடம்பு என் தம்பி ஜாமாஸ்புடையது.

பிணத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும். இருவர் கையிலும் ஒரே கயிறு இருக்க வேண்டும். தனியாகத் தூக்கினால் சாவுப்பேய் அவன் கண், மூக்கு, நகம் வழியாக உள்ளே இறங்கிவிடும், பிறகு எந்தக் கழுவலுக்கும் வெளியே வராது. எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை முதலில் சொன்னவருக்குத் தம்பி இருந்தானா என்று கேட்கத் தோன்றும்.

ஜாமாஸ்பைச் சுமந்து வளர்த்தவள் நான். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. தண்ணீருக்குப் போனாலும் முதுகில், சுள்ளி பொறுக்கப் போனாலும் முதுகில். கொஞ்சம் வளர்ந்த பிறகும் கால் வலிக்கிறது என்று ஏறிக்கொள்வான். தெரு வந்ததும் மட்டும் உதைப்பான். "அக்கா, இறக்கி விடு, பசங்க பாப்பானுங்க." நானும் வேண்டுமென்றே இறக்கிவிடாமல், "இன்னும் கொஞ்ச தூரம்தான், சும்மா கிட," என்று தெருவழியே தூக்கிக்கொண்டு போவேன். அந்த அவமானத்தை அவன் மீசை முளைத்த பிறகும் மறக்கவில்லை.

கீழே கட்டிக்கொண்டிருந்த நெருப்புக் கோயில், தலைமைக் கொத்தனாரான விந்தாத் கண்ட கனவு. கனவு என்றால் நிஜமாகவே தூக்கத்தில் கண்டது. ஒரு விடியலில் எழுந்து உட்கார்ந்து, "புள்ள, மூலை பேசுது," என்றார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. அப்புறம் விஷயத்தைச் சொன்னார். பூசாரி நெருப்புக்கு முன்னால் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார். வெளியே நிற்கிற சனத்துக்கு ஒரு எழுத்துகூடக் காதில் விழுவதில்லை. நாலு தூண், நாலு வளைவு, மேலே ஒரு கும்மட்டம் என்று எல்லாரும் கட்டுகிற மாதிரியே கட்டி, மூலைகளை மட்டும் வேறு விதமாக வளைத்துவிட்டால், ஒரு மூலையில் சொன்னது கும்மட்டத்தில் ஏறி எதிர் மூலையில் இறங்கும். அப்படியே வளைவுகள் வழியாக வெளியே சுவரோரம் நிற்பவனுக்கும் போய்ச் சேரும்.

"கிட்ட வர முடியாதவனுக்கு வார்த்தையாவது கேக்கணும்ல?" என்றார்.

மாவு பிசையும் கிண்ணியை என் காதில் கவிழ்த்து, பானையைத் தன் வாயில் வைத்து, வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் நாசமாக்கினார். கொத்தனார்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணடித்தார்கள். நம்பியது பூசாரி புர்ஸீன் மட்டும்தான். பூசாரிகளில் அவர் கொஞ்சம் மனுஷத்தன்மை உள்ளவர். அவருக்குக் காது மந்தம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தூண்கள் எழும்பிய நேரத்தில் ராஜாதிராஜா கிழக்கே ஹூணர்கள் மேல் படை எடுத்தார். வில் பிடிக்கத் தெரிந்தவன் என்று ஜாமாஸ்பையும், மதில் உடைக்கவும் கட்டவும் தெரிந்தவர் என்று இவரையும் கூட்டிப்போனார்கள். ஹூணர்கள் பயந்து ஓடுகிற மாதிரி ஓடினார்களாம். நம் ஆட்கள் துரத்தினார்களாம். வழியில் ஒரு நீளமான அகழியைத் தோண்டி, நாணலும் மண்ணும் போட்டு மூடி வைத்திருந்தார்கள். குதிரையும் ஆளும் கொடியும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் போய் விழுந்தார்கள். ராஜாவே அதில்தான் போனார் என்கிறார்கள். போருக்குப் போன நம் ஊர் ஆண்களில் அந்த இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தது என் புருஷன் ஒருவர்தான்.

வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவர் எல்லாருக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். தம்பி எங்கே என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்துவிட்டது. வேறொன்று கேட்டேன்.

"வலிச்சுதாய்யா அவனுக்கு?"

அவர் தோள் மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "இல்ல புள்ள. குழியில விழுந்ததுமே போயிட்டான், கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள. அடியில தண்ணி கிடந்துச்சு. பொணம் கிடந்தா தண்ணி கெட்டுப்போகுமேன்னு வெளிய எடுத்து, நம்ம வழக்கப்படி மலை உச்சியில வெயில் படுற மாதிரி வச்சிட்டு வந்தேன்."

"யார் கூடச் சேந்து தூக்கின?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பூசாரி புர்ஸீன்தான். அக்கறையாகத்தான் கேட்டார்.

"யாரும் இல்ல சாமி. நான்தான்."

முற்றம் அப்படியே பின்னால் நகர்ந்தது. நானும்தான் நகர்ந்தேன். யோசித்து நகரவில்லை, கால் தானாகப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். அதற்காக அவர் என்னை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம்.

அன்று இரவே அவரை மேலே கொண்டுபோய்விட்டார்கள். செத்தவனுக்காக நிறைய அழக் கூடாது என்பார்கள். அழுகிற கண்ணீரெல்லாம் அவன் போகும் வழியில் ஆறாகப் பெருகி, கடக்க முடியாமல் அவனைத் தவிக்க வைக்கும். நான் அழவில்லை. அவனுக்கு வலிக்கவில்லை என்பதைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். நன்றாகவே தூங்கினேன்.

பிறகு இரண்டு குளிர்காலம் போயிற்று. கோயில் வேலை நிற்கவில்லை. மூலையை எப்படி வளைப்பது என்பது இவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இவர் மேலிருந்து கத்துவார், பாதி காற்றோடு போய்விடும், மீதியை நான் கீழே கொண்டு போவேன்.

"அவன்கிட்ட சொல்லு புள்ள, சாந்து தண்ணியா இருக்கு. அது கும்மட்டமா, கஞ்சியா?"

நான் கீழே போய், "கஞ்சி காய்ச்சுறீங்களான்னு கேக்குறாரு," என்பேன். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், அதை நான் மேலே கொண்டு வருவேன். இப்படித்தான் அந்தக் கும்மட்டம் வரிவரியாக மேலே போய் வாய் மூடியது. அது மூடிய நாளில் அவர் அடைப்புச் சுவரில் கையை ஊன்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பானை கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்றார்.

வசந்தத்தில், வருஷப் பிறப்புக்கு, பழைய கோயிலிலிருந்து நெருப்பைக் கொண்டுவந்து அதில் குடியேற்றுவதாக முடிவாயிற்று. நெருப்பு குடியேறிவிட்டால் பூசாரியைத் தவிர யாரும் அந்தக் கும்மட்டத்துக்கு அடியில் கால் வைக்க முடியாது. கட்டினவருக்கும் அதே கதிதான். அதற்குள் இவர் கீழே இறங்கவில்லை என்றால், தான் கனவு கண்ட மூலையில் ஒருமுறைகூட நிற்காமலே போய்விடுவார்.

ஒருநாள் பூசாரி வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, மாதுளைச் செடியைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, சட்டத்துல ஒண்ணு இருக்கு. ரெண்டாவது ஆள் கிடைக்கலைன்னா நாய் போதும். கயித்துல கட்டி, கயித்தக் கையில பிடிச்சிருந்தா அதுவும் ஒரு ஆள் கணக்குத்தான்."

"சரி சாமி."

"படையில நாய் நிறைய இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் சாமி."

"நான் ஒண்ணும் சொல்லல. ஞாபகப்படுத்திப் பாருன்னு மட்டும்தான் சொல்றேன்."

நான் விழுந்தடித்து மேலே ஓடினேன். போன பிறகுதான் சங்கடம் புரிந்தது. பொய் சொல்லச் சொல்லி ஒருவரிடம் எப்படிக் கத்துவது? கீழே அத்தனை கொத்தனார்கள்.

"யோவ், அன்னிக்கு அங்க ஒரு நாய் இருந்துச்சுல்ல?"

"என்ன நாய்?"

"நாய்யா. கறுப்பு நாய். காது தொங்கின நாய். உன் கூடவே வந்துச்சே, கயித்துல. நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவர் யோசிக்கவே இல்லை. "அங்க ஏது புள்ள நாய்? ஹூணன் வந்ததுமே நாயெல்லாம் ஓடிப்போச்சு. ராஜாவை விட அதுங்களுக்குப் புத்தி இருந்துச்சு."

கொத்தனார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கையில் இருந்த ரொட்டியைக் கல்லின்மேல் எறிந்தேன்.

"மக்கு. மக்குப் பயலே. உன்னக் கட்டிக்கிட்டு நான் என்னத்தக் கண்டேன்?"

"தேனக்," என்றார். பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிடுவது அபூர்வம். "எனக்குப் புரியுது. ஆனா பொய்யச் சொல்லிட்டு வந்து நெருப்பு முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லாத உத்தமர். நான் வீட்டில் தனியாக ஒரு ரொட்டி சுட்டு, தனியாகத் தின்று, பாத்திரங்களோடு பேசிக்கொண்டு கிடப்பது இவர் உத்தமத்தனத்துக்குக் காணிக்கை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ரொட்டியில் வாதுமை வைக்கவில்லை.

பனி உருகும் சமயத்தில் ரஷ்ன் வந்தான். பக்கத்து ஊர்க் குதிரைக்காரன், ஹூணர்களிடம் அகப்பட்டு, அவர்கள் குதிரைக்குப் புல் வெட்டிப் போட்டுக் கிடந்து, தப்பி வந்தவன். ஒரு கால் இழுத்து இழுத்து நடந்தான். சேர்ந்து போருக்குப் போனவர்கள் வீடு என்று என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். தயிரும் வெங்காயமும் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

"நான் நாணலுக்குள்ள படுத்திருந்தேன் அக்கா. கால் ஒடிஞ்சு போச்சு. சத்தம் போட்டா ஹூணன் வருவான். அப்ப உன் வீட்டுக்காரரு போறாரு, உன் தம்பி முதுகுல. எனக்கு அந்த நெலமையிலயும் சிரிப்பு வந்துச்சு."

"என்ன சிரிப்பு?"

"சாகுற நேரத்துலயும் உன் தம்பிக்கு வாய் ஓயல. இவரும் சளைக்காம பதில் சொல்லிக்கிட்டே போறாரு. சந்தைக்குப் போற மாமனும் மச்சானும் மாதிரி."

நான் வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தேன். "பேசினானா? என் தம்பியா?"

"ஆமா. என்ன பேசினான்னு கேக்கல, தூரம். வயிறு கிழிஞ்சு கிடந்துச்சு, எப்படித்தான் பேசினானோ." அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா?"

நான் வெறுங்கையோடு மேலே போனேன். அவர் வழக்கம்போல என்ன கொண்டுவந்தாய் என்று கையைப் பார்த்தார்.

"என் தம்பி உசுரோட இருந்தானாய்யா?"

அவர் என் கையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நீ தூக்கினப்ப உசுரோட இருந்தானா? ரஷ்ன் வந்திருக்கான். பார்த்திருக்கான்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் சுவரின் மேல் ஒரு கல்லை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"இருந்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம் புள்ள."

உசுரோடு இருந்தவனைத் தூக்கினால் அதில் என்ன குற்றம்? இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே, அந்த முற்றத்திலேயே, எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு குளிர்காலம் இந்தப் பொட்டலில் விறைத்துக் கிடந்திருக்க வேண்டாம்.

"ஏன்யா சொல்லல? ஏன் சொல்லல?"

"நீ வந்ததும் வராததுமா என்ன கேட்ட? வலிச்சுதான்னு கேட்ட. நான் என்னத்தச் சொல்ல?"

அந்தக் கல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாயைப் பொய்யாகச் சொல்ல மாட்டேன் என்றவர், நான் தூங்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே சுவர் கட்டிக்கொண்டு குடியிருந்திருக்கிறார். நானும் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். கீழே கொத்தனார்கள் சிரிக்கவில்லை. ஒருவன் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்கு வாய்யா," என்று கத்தினேன். "தம்பியும் இல்ல, நீயும் இல்ல, நான் யாரோட இருக்கேன்? எனக்காக வா."

பூசாரி மறுநாளே மேலே வந்தார். ரஷ்னையும் அழைத்து வந்தார், கால் நோகுமே என்று தன் கழுதையில் ஏற்றிக்கொண்டு. ரஷ்ன் பார்த்ததைச் சொன்னான். பூசாரியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் அவர் பூசாரி, கேட்க வேண்டியதைக் கேட்டார். காது மந்தம் என்பதால் அவர் கேட்டது மலைக்கே கேட்டது.

"விந்தாத், ஒண்ணே ஒண்ணு. உசுர் போனதும் இறக்கி வச்சிட்டியா? போன பிறகு ஒரு அடியாவது எடுத்து வச்சியா?"

அவர் பூசாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"இல்ல சாமி," என்றார்.

அப்படியானால் தொட்ட தீட்டுதான். அதற்கு ஒன்பது இரவுக் கழுவல் போதும். காளை மூத்திரம், மணல், கடைசியில் தண்ணீர். முடித்துவிட்டு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு அவர் வீட்டுப்படி ஏறியபோது, பக்கத்தில் வந்தால் இவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்திருந்தது. இரண்டு வருஷமாகத் தூரத்தில் சின்னதாகத்தானே பார்த்தேன்.

வந்தவர் அடுப்புப் பக்கம் வரவில்லை. கதவோரம் போய் உட்கார்ந்தார். கிட்ட வாய்யா, குளிர் காய் என்றால், "வேர்க்குது," என்பார். வெளியே பனி முழுக்கக் கரையவில்லை. கிணற்றுத் தண்ணீரையும் தானாக மொண்டு குடிக்கவில்லை, நான்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும். நான் கத்திக் கத்திப் பேசிய பழக்கத்தில் வீட்டுக்குள்ளும் கத்தினேன். அவர் பேசவே இல்லை. தனியாகக் கிடந்தவர், பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெருப்பு வருவதற்கு முந்தின நாள், பூசாரி எங்களை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கட்டினவர் ஒருமுறை நிற்கட்டும் என்று சொல்லி, அவர் வெளியே வளைவுக்கு அப்பால் நின்றுகொண்டார்.

நான் சாந்து சுமந்தவர்களைத் திட்டியிருக்கிறேனே தவிர, உள்ளே நின்று மேலே பார்த்ததில்லை. நாலு தூணும் தரையில் தனித்தனியாக நிற்கின்றன. மேலே போகப் போக ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்து, கடைசியில் ஒரே வட்டமாகிவிடுகின்றன. எங்கே சேர்ந்தது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. நடுவில் நெருப்புக்கான கல்பீடம் காலியாக இருந்தது. அவர் அதை விட்டு ஒதுங்கிச் சுவரோரமாகவே நடந்து, என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். தான் எதிர் மூலைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"கேக்குதா புள்ள?"

என் காதிலேயே கேட்டது. ஒரே தலையணையில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, மூச்சுச் சத்தத்தோடு. அந்தக் குரலை, கத்தாத அந்தக் குரலை, நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"கேக்குது," என்றேன் சுவரிடம்.

"மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியல. இப்படிச் சொல்றேன்." அவர் நகம் சாந்தைச் சுரண்டுவது கேட்டது. "அவன் என்னை நீன்னு நெனச்சுட்டான்."

நான் சுவரில் கையை வைத்துக்கொண்டேன்.

"வலி தாங்காம முனகிக்கிட்டே வந்தான். அப்புறம் புத்தி மாறிப்போச்சு. அக்கா, இறக்கி விடு, தெரு வந்துருச்சு, பசங்க பாப்பானுங்கன்னான். அதையே சொன்னான், திருப்பித் திருப்பி."

"நீ என்ன சொன்ன?"

"நீ சொல்றதைத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், சும்மா கிடன்னு. சிரிச்சான் புள்ள. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்."

"அப்புறம்?"

"மலையடிவாரத்துலயே பேச்சு நின்னு போச்சு."

சாந்து இன்னும் முழுக்கக் காயவில்லை, ஈரவாசனை வந்தது.

"அதுக்குமேல நான் மலை ஏறினேன் தேனக். அவன் போயிட்டான்னு தெரியும். கை என் கழுத்துல சும்மா தொங்கிச்சு. இறக்கி வைக்கணும், யாராவது வர்றானான்னு பார்க்கணும், சட்டம் தெரியும் எனக்கு. முடியல. இன்னும் கொஞ்ச தூரம்தான், இன்னும் கொஞ்ச தூரம்தான்னு சொல்லிக்கிட்டே உச்சி வரைக்கும் போனேன். அன்னிக்குப் பூசாரி கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். நீ குளிர்ல நின்னுக்கிட்டு இருந்த."

எதுவும் சொல்லாமல் நிற்க முடியவில்லை. சொல்வதற்கும் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

"நானும் இறக்கி வச்சிருக்க மாட்டேன்," என்றேன்.

அது கும்மட்டத்தில் ஏறி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் சுவரோடு சரிந்து உட்காருகிற சத்தம் என் காதில் விழுந்தது. அப்போதுதான் நான் அழுதேன். என் தம்பியின் வழியில் ஆறு பெருகினால் பெருகட்டும், அவனுக்கு நீந்தத் தெரியும்.

"கேட்டுச்சா அம்மா?" என்று வெளியிலிருந்து பூசாரி கேட்டார்.

"நல்லாக் கேட்டுச்சு சாமி," என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

மறுநாள் நெருப்பு வந்தது. வெள்ளை உடுப்பில் பூசாரிகள், முன்னும் பின்னும் உருவிய வாளோடு வீரர்கள், பொய்யின் சேனையை எதிர்த்துப் போருக்குப் போகிறவர்கள் போல. ஊரே தரையில் முகம் பட விழுந்து எழுந்தது. கட்டினவர் முன்னால் வர வேண்டும் என்று ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். இவர் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், சரிவில், நெருப்பிலிருந்து முப்பது அடிக்குக் குறையாத இடத்தில் நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

அன்று சாயங்காலம் எங்கள் அடுப்பிலிருந்த நெருப்பை ஒரு சட்டியில் வாரிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அடுப்பு இடிந்துவிட்டது என்று சொன்னேன். பொய்தான். எங்கள் வீட்டில் இப்போது பொய்க்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரி ரொட்டி சுட்டுத் தருகிறாள், ஆறிய பிறகு வாங்கிக்கொண்டு வருகிறேன். ஏன் அடுப்பைச் சரிசெய்யவில்லை என்று முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. கோயில் கட்டின திமிர், அக்கம்பக்கத்தோடு ஒட்டுவதில்லை என்று கிணற்றடியில் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பூசாரியிடம் உண்மையைச் சொன்னால் இவரை மறுபடி மேலே கொண்டுபோவார்கள். அது என்னால் ஆகாது. சொல்லாமல் நெருப்பின் பக்கத்தில் போய் நிற்பது அவரால் ஆகாது. அதனால் இப்படி ஒரு வாழ்க்கையைக் கண்டுபிடித்திருக்கிறோம். இதற்கு எந்தச் சட்டத்திலும் பெயர் கிடையாது.

வெளியூரிலிருந்தெல்லாம் அந்தக் கும்மட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். சுவரோரம் நிற்கிற குருடனுக்கும் கிழவிக்கும் பூசாரியின் ஒவ்வொரு சொல்லும் காதருகே கேட்கிறது என்று அதிசயப்படுகிறார்கள். நாங்களும் பண்டிகைக்குப் போகிறோம். நாங்கள் நிற்கிற சரிவுக்கு ஒன்றும் கேட்பதில்லை. இவர் மட்டும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டே நிற்பார்.

குளிர்காலத்தில் எங்கள் வீடு ஊரிலேயே சில்லிட்ட வீடு. வாயைத் திறந்தால் புகை வரும். படுத்த பிறகு கேட்பேன்.

"குளிருதாய்யா?"

"குளிராம?"

நான் எழுந்து என் கம்பளியையும் எடுத்து அவர்மேல் போர்த்திவிட்டு, அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்வேன்.